கப்பல் தரைதட்டினால்தானே தெரியும்?

கேள்வி: ஐயா, காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி ஆலை வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் உள்ளூர் வியாபாரம் மட்டும்தான். நான் வந்த பிறகு தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு பார்பெக்யூ கரி அனுப்ப ஆரம்பித்தேன். முன்பெல்லாம் ஒரு ஆய்வகச் சான்றிதழை வைத்தால் சாதாரண சரக்காகவே போய்விடும். இந்த வருடம் முதல் கரி என்றாலே ஆபத்துச் சரக்கு என்கிறார்கள். கட்டணம் எகிறுகிறது, சில லைன்கள் (கப்பல் நிறுவனங்கள்) புக்கிங்கே எடுப்பதில்லை. எங்கள் ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பும் முகவர்), "கரி என்று எழுத வேண்டாம், 'தேங்காய்த் தொட்டிப் பொருட்கள்' என்று எழுதிவிடலாம். எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். பெட்டியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? கப்பல் எங்காவது தரைதட்டினால்தான் உண்டு" என்கிறார். போன வாரம் ஒரு பெட்டி அப்படியே போய்விட்டது. அடுத்த பெட்டிக்கான தாள் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. இது வெறும் கட்டண விவகாரமா, நிஜமாகவே ஆபத்து இருக்கிறதா? கையெழுத்துப் போடலாமா?

ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: தம்பி, போடாதீர்கள். அதைவிட அவசரம், போன வாரம் போன பெட்டி. இதைப் படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டி இப்போது எங்கே நிற்கிறது என்று லைனின் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். கப்பல் மாற்றுவதற்காகக் கொழும்பில் இறக்கி வைத்திருந்தால் நல்லது. ஐரோப்பாவுக்குப் போகும் தாய்க்கப்பலில் ஏறியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஃபார்வர்டர் சொன்னதில் பாதி உண்மை. பெட்டியை யாரும் திறப்பதில்லை. ஆலையிலோ சி.எஃப்.எஸ். என்கிற சரக்கு நிலையத்திலோ கதவைச் சாத்தி சீல் போட்டால், வாங்குபவரின் வாசலில்தான் பெரும்பாலும் அது மறுபடி திறக்கும். கஸ்டம்ஸ் சிலவற்றைப் பிரிக்கும், சிலவற்றை ஸ்கேனரில் விடும். கப்பல்காரர்களுக்கு அதற்கான நேரமும் கிடையாது, சீலை உடைக்கும் வேலையும் கிடையாது. நான் கன்டெய்னர் கப்பலில் சீஃப் ஆபீசராக இருந்த காலத்தில் ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஏறி இறங்கும். எனக்கு அவை எல்லாமே வெறும் எண்கள். அவற்றில் எது எரியும், எது அரிக்கும், எது நனையக்கூடாது என்று சொல்ல என் கையில் ஒரே ஒரு ஆவணம்தான் இருக்கும்: ஆபத்துச் சரக்குப் பட்டியல். அதன் நகல் ஒன்று, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் தொங்கும். இன்னொன்றைத் தீயணைப்பு வரைபடத்தோடு சுருட்டி, டெக்கில் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு குழாய்க்குள் போட்டு வைப்போம். கப்பலுக்குள் போக முடியாத நிலை வந்தால், வெளியிலிருந்து வருகிற தீயணைப்பு வீரர் முதலில் கை விடுவது அந்தக் குழாய்க்குள்தான்.

அந்தப் பட்டியல் உங்கள் கையெழுத்தில் தொடங்குகிறது. டிக்ளரேஷனில் நான்கு விஷயம் கேட்பார்கள்: ஐ.நா. எண், முறையான பெயர், வகுப்பு (எந்த வகை ஆபத்து), பேக்கிங் குரூப் (எவ்வளவு ஆபத்து). அதை ஃபார்வர்டர் டைப் செய்கிறார், லைனின் கணினி வாங்கிக்கொள்கிறது, பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் பிளானருக்கு அது போகிறது, அவரிடமிருந்து கப்பலுக்கு. இந்தச் சங்கிலியில் உங்களைத் தவிர வேறு யாரும் சரக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

சரி, "தரைதட்டினால்தான் உண்டு" என்றாரே, அதையே எடுத்துக்கொள்வோம்.

2011 அக்டோபர் 5, நியூசிலாந்து. ரீனா என்று ஒரு கன்டெய்னர் கப்பல், 236 மீட்டர் நீளம், லைபீரியக் கொடி. நேப்பியரிலிருந்து டௌரங்கா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணிக்குள், துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், நேரம் பற்றவில்லை. போட்டு வைத்த பாதையை அங்கங்கே நேராக்கி மைல்களை மிச்சம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ரேடாரில் முன்னால் ஏதோ ஒரு புள்ளி விட்டுவிட்டுத் தெரிந்தது. கேப்டன் பைனாகுலரில் பார்த்தார், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. வரைபட மேசைப் பக்கம் திரும்பினார். மணி 2:14-க்கு, 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்) வேகத்தில், கப்பல் அஸ்ட்ரோலேப் பாறைத்திட்டின் மேல் ஏறிவிட்டது. 1827-ல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அதில் மோதப் பார்த்துத் தப்பியது, அந்தக் கப்பலின் பெயரைத்தான் பாறைக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு காலமாகத் தெரிந்த பாறை. புயல் கிடையாது, மூடுபனி கிடையாது. தரைதட்டல் எல்லாம் சூறாவளியில்தான் நடக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவசரமும் அசட்டையும் சேர்ந்தாலே போதும்.

கப்பலில் 1,368 பெட்டிகள், 1,700 டன்னுக்கும் மேல் கனரக எரிபொருள். முன்பாதி பாறையில் உட்கார்ந்துவிட்டது, பின்பாதி தண்ணீரில் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. இந்த நிலைதான் மிகவும் மோசமானது. அலை ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பாறையின் விளிம்பில் கப்பலின் முதுகெலும்பு வளைகிறது. சில நாள் கடல் பொறுத்துக்கொண்டது. அப்புறம் காற்று மாறியது. அக்டோபர் 11-ஆம் தேதி கப்பல் நன்றாகச் சாய்ந்து, பெட்டிகள் கடலில் விழ ஆரம்பித்தன. சுமார் 350 டன் எண்ணெய் கசிந்தது, இரண்டாயிரத்துக்கும் மேல் கடற்பறவைகள் செத்து ஒதுங்கின. 2012 ஜனவரி 8-ல் கப்பல் இரண்டாகப் பிளந்தது. கேப்டனுக்கும் இரண்டாம் அதிகாரிக்கும் ஏழு மாதச் சிறை. அவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, விபத்துக்குப் பிறகு கப்பலின் ஆவணங்களைத் திருத்தியது.

எண்ணெயைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். உங்கள் விவகாரம் அந்தப் பெட்டிகள். ஆபத்துச் சரக்கு இருந்த பெட்டிகள் 11 என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அதில் நான்கு ஃபெரோசிலிக்கான். உருக்காலைக்குப் போகிற, பார்க்கச் சாதுவான சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், சில நேரம் கூடவே பாஸ்பீன், ஆர்சீன் போன்ற விஷ வாயுக்களும் வரும். சாய்ந்து கிடக்கிற கப்பலில், வெளிச்சம் இல்லாத கிடங்குக்குள் கயிற்றில் இறங்கும் ஒரு மீட்புத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இறங்கும்போது வாயு மீட்டரைப் பார்க்க வேண்டும், எங்கே கட்டிங் டார்ச்சைப் பற்றவைக்கக்கூடாது என்று அவருக்குச் சொன்னது அந்தப் பட்டியல்தான். பட்டியல் சரியாக இருந்ததால் அந்த நான்கு பெட்டிகளைப் பற்றி முதல் வாரத்திலேயே யோசிக்க முடிந்தது.

அதே கப்பலில் 21 பெட்டிகளில் கிரையோலைட் இருந்தது. அலுமினிய ஆலையில் பயன்படும் ஃப்ளோரின் கலந்த உப்பு. கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிப்படி அதை அப்படி அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் பட்டியலில் வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பல வாரம் கழித்து அது வெளியே தெரிந்தபோது அந்தக் கடலோர மக்கள் கொதித்துப் போனார்கள். சட்டப்படி எழுத வேண்டாத ஒரு சரக்குக்கே இந்தப் பாடு. எழுத வேண்டியதை மறைத்திருந்தால்?

இன்னொரு கப்பலையும் சொல்ல வேண்டும். எம்.எஸ்.சி. நாப்போலி. இது வேண்டுமென்றே தரைதட்ட வைக்கப்பட்ட கப்பல். 2007 ஜனவரி 18, ஆங்கிலக் கால்வாயில் கைரில் புயல். இயந்திர அறைப் பக்கம் கப்பலின் உடல் விரிசல் விட்டது. 26 பேரும் உயிர்காப்புப் படகில் இறங்க, பிரிட்டிஷ் கடற்படை ஹெலிகாப்டர்கள் அத்தனை பேரையும் தூக்கிக் காப்பாற்றின. ஆளில்லாத கப்பலை இழுவைப் படகுகள் போர்ட்லாண்ட் துறைமுகம் நோக்கி இழுத்துக்கொண்டு போயின. வழியிலேயே விரிசல் பெரிதாகியது. ஆழ்கடலில் உடைந்தால் 2,300-க்கும் மேற்பட்ட பெட்டிகளும் 3,500 டன் எரிபொருளும் கால்வாயின் அடியில் போய்விடும், எதையும் மீட்க முடியாது. ஜனவரி 20-ல், டெவன் மாவட்டத்தின் பிரான்ஸ்கம் கிராமத்துக்கு எதிரே, லைம் விரிகுடாவின் ஆழம் குறைந்த தரையில் கப்பலை ஏற்றி உட்கார வைத்தார்கள். அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கடற்கரை! அங்கே கொண்டுபோய் ஆபத்துச் சரக்குக் கப்பலை நிறுத்தியதற்குத் திட்டு விழாமல் இருக்குமா? விழுந்தது. என் கணக்கில் அது சரியான முடிவு. எண்ணெயில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்தார்கள், பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

அப்படி ஒரு முடிவை யார் எடுத்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். நாப்போலியில் ஆபத்து வகையைச் சேர்ந்த சரக்கு 1,600 டன்னுக்கும் மேல் இருந்தது. கரைக்கு ஒரு மைல் அருகே கொண்டுவரலாமா, ஊர்க்காரர்களை வெளியேற்ற வேண்டுமா, எந்தப் பெட்டியை முதலில் இறக்க வேண்டும், எல்லாம் தாளைப் பார்த்துத்தான். இதற்கிடையே நூறு பெட்டிகளுக்கு மேல் கடலில் விழுந்து பல கரை ஒதுங்கின. செய்தி பரவியதும் ஊர் ஊராக ஆட்கள் வந்து பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள், ஒயின் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொலைக்காட்சியில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடப்பாரையை வைத்தவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாப்போலியால் உலகத்துக்கு ஒரு அபூர்வமான கணக்கு கிடைத்தது. சாதாரணமாக, போய்ச் சேர்ந்த பெட்டியை யாரும் எடைபோட்டுத் தாளோடு ஒப்பிடுவதில்லை. இங்கே இறக்கிய பெட்டிகளை எடைபோட்டார்கள். டெக்கில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளில் 137-ன் எடை, எழுதிக் கொடுத்ததிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டது. அதாவது ஐந்தில் ஒன்று. ஒரு பெட்டியில் வித்தியாசம் 20 டன். கப்பல் உடைந்ததற்கு முதல் காரணம் இயந்திர அறைப் பகுதியின் வலிமைக் குறைவுதான், எடைப் பொய் அல்ல. ஆனாலும், தாளில் எழுதுவதை நம்பிக் கப்பல் ஓட்டுகிறோம், அந்தத் தாள் இப்படி இருக்கிறது என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்துபோனது. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க ஒவ்வொரு பெட்டிக்கும் சரிபார்த்த எடைச் சான்று கட்டாயமானதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். நீங்கள் ஒவ்வொரு லோடுக்கும் வி.ஜி.எம். ஸ்லிப் கொடுக்கிறீர்களே, அது இப்படி வந்ததுதான்.

இப்போது உங்கள் கரிக்கு வருவோம்.

மழையில் நனைந்த வைக்கோல் போர் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் புகைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுக்கரியும் அந்த ஜாதிதான். சூளையிலிருந்து எடுத்த கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும், இழுக்கும்போது சூடு வரும். ஈரத்தை உறிஞ்சினாலும் சூடு வரும். மெல்லிய அடுக்காகப் பரப்பி வைத்தால் சூடு வெளியே போய்விடும். 20 டன்னை மூட்டை மூட்டையாகக் கூரை வரை அடைத்துக் கதவைச் சாத்தினால் நடுவில் இருக்கும் சூடு எங்கே போகும்? அதனால்தான் இது வகுப்பு 4.2, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள், ஐ.நா. எண் 1361. கன்டெய்னர் தொழில்துறை அமைப்புகளின் கணக்குப்படி 2015 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை கரிப் பெட்டிகளால் கப்பல்களில் குறைந்தது 68 தீச்சம்பவங்கள். 2019 ஜனவரியில் அட்லாண்டிக் கடலில் யான்டியான் எக்ஸ்பிரஸ் கப்பல் எரிந்தது. 'கோகனட் பெல்லட்' என்று எழுதி அனுப்பிய தேங்காய்க் கரிப் பெட்டியில்தான் தீ தொடங்கியிருக்கக்கூடும் என்று ஜெர்மன் விசாரணை சொன்னது. உங்கள் ஃபார்வர்டர் எழுதச் சொல்லும் வார்த்தையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரிச் சம்பவங்கள் சேர்ந்து சேர்ந்துதான், ஆய்வகச் சான்றிதழ் காட்டி விலக்கு வாங்கும் வழியை மூடினார்கள். 2026 ஜனவரி 1 முதல் கரியை ஆபத்துச் சரக்காக அறிவிப்பது கட்டாயம்.

ஓடுகிற கப்பலிலேயே இது தலைவலி. தரைதட்டிய கப்பலில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். இயந்திர அறையில் தண்ணீர் புகுந்தால் மின்சாரம் போகும், தீயணைப்பு பம்புகளில் பெரியவை நிற்கும். கிடங்கில் தீ என்றால் மூடிகளை அடைத்துக் கார்பன் டை ஆக்சைடை விட வேண்டும். கப்பலின் உடலே வளைந்திருந்தால் மூடி சரியாக உட்காராது, விட்ட வாயு கசிந்துவிடும். அப்புறம் மிச்சம் தண்ணீர்தான். கரிக்குத் தண்ணீர் மருந்து. பக்கத்துப் பெட்டியில் ஃபெரோசிலிக்கானோ கால்சியம் கார்பைடோ இருந்தால் அதே தண்ணீர் ஆளைக் கொல்லும். எந்தப் பக்கம் பீய்ச்சலாம் என்று முடிவெடுப்பவர் பட்டியலைப் பார்க்கிறார். அதில் உங்கள் பெட்டி 'தேங்காய்த் தொட்டிப் பொருட்கள்'. கயிறு, தரைவிரிப்பு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொள்வார். கிடங்குக்குள் ஆளை அனுப்புவார். மூடிய கிடங்கில் கரி ஆக்சிஜனைத் தின்றுவிட்டு கார்பன் மோனாக்சைடை விட்டு வைத்திருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது.

இன்னொன்று, பெட்டியை வைக்கும் இடம். அறிவித்த கரியை, ஆக்சிஜனைக் கொடுக்கும் வகுப்பு 5.1 சரக்கிலிருந்து பிரித்துத்தான் வைக்க வேண்டும், சீக்கிரம் தீப்பற்றும் திரவங்களிடமிருந்தும் அப்படியே. அறிவிக்காத கரிக்கு அந்த விதி எதுவும் பாயாது. பிளானர் அதை, அந்த 5.1 வகுப்பைச் சேர்ந்த ப்ளீச்சிங் பவுடர் பெட்டிக்கு ஒட்டினாற்போலவே வைப்பார், அவர் மேல் தப்பும் இல்லை.

அடுத்து யார் பணம் கட்டுவது. ஃபார்வர்டர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கடல்வழிச் சரக்குக்கு அடிப்படையான ஹேக் விதிகளில், நம் நாட்டுச் சட்டமும் அதை ஒட்டியதுதான், நான்காம் பிரிவில் ஆறாவது விதி ஒன்று உண்டு. தீப்பிடிக்கும், வெடிக்கும், ஆபத்தான சரக்கை அதன் தன்மையை அறிந்து சம்மதிக்காத கப்பல்காரரிடம் ஏற்றினால், அவர் அதை எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம், அழிக்கலாம், நஷ்டஈடு கிடையாது. அதனால் நேரடியாகவோ மறைமுகமாகவோ வரும் சேதத்துக்கும் செலவுக்கும் அனுப்பியவர்தான் பொறுப்பு. "மறைமுகமாகவோ" என்ற இடத்தில் விரலை வைத்துப் படியுங்கள். கப்பல் பாறையில் ஏறியதற்குக் காரணம் கேப்டன்தான், உங்கள் கரி இல்லை. ஆனால் உங்கள் பெட்டி எரிந்ததால் மீட்பு வேலை நின்றது, கூடுதல் ஆள் வந்தது, பக்கத்துப் பெட்டிகள் போயின என்று ஒரு வக்கீல் கோடு போட்டு இழுத்துவிட்டால், காங்கயம் ஆலையையும் நிலத்தையும் விற்றாலும் அடையாது. காப்பீடும் கைகொடுக்காது. 1963-ஆம் வருடக் கடல்சார் காப்பீட்டுச் சட்டமே, முக்கியமான விவரத்தை மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும் என்கிற அடிப்படையில் நிற்கிறது.

தரைதட்டாவிட்டாலும் தப்பிவிட முடியாது. லைன்கள் இப்போது புக்கிங் விவரங்களை மென்பொருளில் விட்டுச் சலிக்கின்றன. காங்கயத்திலிருந்து 'தொட்டிப் பொருள்' என்றால் முதலில் அதுதான் சிக்கும். பொய்யாக அறிவித்த பெட்டி ஒன்றுக்கு 15,000 டாலர் என்று 2019-ல் ஹபாக்-லாய்டு அறிவித்தது. எவர்கிரீன் 35,000 டாலர் வரை என்றது. நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கிற கட்டணத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதியவனுக்குத்தான் இடம் கிடைப்பதில்லை. இது நிஜம். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று கசிந்தது. அதை இறக்கிக்கொள்ளும்படி கத்தாரின் ஹமத் துறைமுகத்தையும், குஜராத்தின் ஹசீராவையும் கேட்டார்கள். இரண்டிலும் நடக்கவில்லை. கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றபோது தீப்பிடித்தது. பல நாள் எரிந்த பிறகு ஆழக்கடலுக்கு இழுத்துப்போகப் பார்த்தார்கள். ஜூன் 2-ல் பின்பகுதி கடலடித் தரையில் முட்டி நின்றுவிட்டது, அப்படியே மூழ்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை அதில் இருந்தது, இலங்கையின் மேற்குக் கரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குவிந்தது. பிரச்சினை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன கப்பலுக்கே கேட்ட இரண்டு துறைமுகமும் கதவு திறக்கவில்லை என்றால், சொல்லாமல் இருப்பதே லாபம் என்று வியாபாரிகள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. லைன்களும் துறைமுகங்களும் இதில் திருந்த வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்காக அந்தப் பாரத்தைப் பட்டியலைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லாத மாலுமியின் தலையில் ஏற்றுவது ஏற்றுக்கொள்ள முடியாதது. தூத்துக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலையில் இருக்கிறார்கள்!

நம் பக்கத்துக் கடலிலும் பார்த்துவிட்டோமே. 2025 மே 25-ல் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. 13 பெட்டிகளில் ஆபத்துச் சரக்கு, 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு என்று கடலோரக் காவல்படை அறிவித்தது. கரை ஒதுங்கும் பெட்டியைத் தொடாதீர்கள், 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 112-க்கு அழையுங்கள் என்று கேரள அரசு சொன்னது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை வந்தது. அந்த நாட்களில் மீனவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது? அதற்குப் பதில் சொல்லக் கையெழுத்துப் போட்ட ஒருவரின் தாள் தேவைப்பட்டது.

இனி நேர்வழியில் எப்படி அனுப்புவது. கரியைச் சூளையிலிருந்து எடுத்த பிறகு, மூட்டை கட்டாமல், கூரைக்கு அடியில் காற்றாட 14 நாளாவது ஆறவிட வேண்டும். மூட்டை கட்டும் நாளில் அதன் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. கம்பி வைத்த தெர்மாமீட்டரைக் குவியலின் நடுவில் செருகி, அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். மேலே கையை வைத்துப் பார்த்து "ஆறிவிட்டது" என்று சொல்லும் பழக்கத்தை மேஸ்திரியிடமிருந்து விடுவிப்பதுதான் சிரமமாக இருக்கும். பெட்டிக்குள் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், மூட்டைகளை எவ்வளவு உயரம், எப்படிப் பிரித்து அடுக்குவது என்பதற்கும் விதி இருக்கிறது, லைன் அதைக் கொடுக்கும். மூட்டை ஐ.நா. தரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் அந்தச் சோதனையைச் செய்கிறது, சென்னையிலும் மையம் உண்டு. பெட்டியில் குறைவாக ஏறும், கட்டணம் கூடும், உண்மைதான். அந்தக் கூடுதலை உங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் கேளுங்கள். விதி எல்லா நாட்டுக்கும் ஒன்று, இந்தோனேசியாக்காரரிடம் வாங்கினாலும் அவர் இதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு லைன் மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். இரண்டு மூன்று ஆலைக்காரர்கள் சேர்ந்து மாதம் இத்தனை பெட்டி என்று பேசினால் இடம் கிடைப்பது சுலபம். அந்த ஃபார்வர்டரை மாற்றுவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, போய்விட்ட பெட்டி. லைனின் ஆபத்துச் சரக்குப் பிரிவுக்கு, நீங்களே, உங்கள் மெயிலிலிருந்து எழுதுங்கள். ஃபார்வர்டருக்கு நகல் போதும். அவர் வழியாக அனுப்பினால் அது போய்ச் சேரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சப்ஜெக்ட் வரியிலேயே கன்டெய்னர் நம்பர், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) நம்பர், "அறிவிக்கப்படாத ஆபத்துச் சரக்கு, ஐ.நா. 1361, வகுப்பு 4.2" என்று இருக்கட்டும். உள்ளே: கரி எப்போது சூளையிலிருந்து எடுத்தது, எத்தனை நாள் ஆறியது, எந்தத் தேதி பெட்டியில் ஏற்றியது, எத்தனை மூட்டை, மொத்த எடை, கூரை வரை அடைத்திருக்கிறதா, ஆய்வக அறிக்கை இருந்தால் அது. சாக்கு எதுவும் எழுத வேண்டாம், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீலையும் காப்பீட்டு நிறுவனத்தையும் அன்றைக்கே கூப்பிடுங்கள், ஆனால் அவர்கள் பதிலுக்காக இந்த மெயிலை நிறுத்தி வைக்காதீர்கள். அபராதம் வரலாம். பெட்டியைக் கொழும்பில் இறக்கித் தனியாக வைத்து, திறந்து பார்த்து, திருப்பி அனுப்பச் சொல்லலாம். அந்தச் செலவு உங்களுடையது. கப்பலில் இருந்தால் லைன் கேப்டனுக்குச் செய்தி அனுப்பும். அவர் பட்டியலில் ஒரு வரி கூடும், அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒருவர் போய் வெப்பத்தை அளந்து பார்ப்பார்.

 ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.